ஒன்பதாம் நாள் லென்ஸ்

ஓர் ஐப்பசி மாதம், அடைமழைக்கு நடுவே, திருப்பூரில் ஒரு வீட்டுக்குப் புது மேக்ரோ லென்ஸ் ஒன்று வந்து சேர்ந்தது. மேக்ரோ லென்ஸ் என்றால் சின்னஞ்சிறு பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாகக் காட்டுகிற லென்ஸ். எறும்பின் மீசையைக்கூட எண்ணிவிடும். அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

வாங்கியவர் சென்னியப்பன். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிறானால் மலைக்குப் போய்க் காட்டுப் பூக்களைப் படம் பிடிப்பார். கேமராவோடு வந்த பழைய லென்ஸில் பூ எது, புல் எது என்றே தெரியவில்லை என்று அவருக்குக் குறை. ஆறு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்து, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டுக் குடைந்து, கடைசியில் இதைத் தேர்ந்தெடுத்தார். அப்போதும் மனசு ஒரு நிலையில் இல்லை. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அதனால் காலிப் பெட்டியைப் பீரோ மேல் பத்திரமாக வைத்திருந்தார்.

மறுபடி அந்தப் பெட்டிக்குள் போய்விடுவோமோ என்று லென்ஸுக்கு ஒரே பயம். எட்டு நாள் விடாத மழை. ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. மழை விட்டது. சென்னியப்பன் தன்னோடு வேலை பார்க்கும் இளைஞன் திருமூர்த்தியை அழைத்துக்கொண்டு மலையேறினார். கேமராப் பைக்குள் லென்ஸுக்குத் துணையாக ஒரு சின்னக் கத்தரி மட்டும் இருந்தது. பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை, அதாவது பிசிறை, நறுக்குகிற கத்தரி. கம்பெனியிலிருந்து எப்படியோ பைக்குள் வந்துவிட்டது.

"இன்னைக்கு ஒரு படமாவது நல்லா விழலைன்னா என் கதை முடிஞ்சுது," என்று புலம்பியது லென்ஸ்.

"அட, எதுக்கு இப்படிப் பதறுறே? ஏதாவது வேணும்னா ஒரு வார்த்தை சொல்லு. கைகொடுக்க நான் இல்லையா?" என்றது கத்தரி.

பாறைச் சரிவில் ஈரம் கசிகிற ஓரிடத்தில் ஊதாப் பூக்கள் கும்பலாக நின்றன. விரல் நகத்தளவுகூட இல்லை ஒவ்வொன்றும். சென்னியப்பன் துள்ளிக் குதித்தார்.

"அடேங்கப்பா! பன்னெண்டு பூ, கண்ணு! இப்படி ஒரு பூவை இந்த மலையில நான் பார்த்ததே இல்லை!"

சேறு என்றும் பாராமல் குப்புறப் படுத்தார். லென்ஸ் நடுவிலிருந்த பூவின் முகத்துக்கு நேராகப் போய் நின்றது.

"கொஞ்சம் அசையாம இரு தாயி," என்றது லென்ஸ். "என் பொழப்பே உன் கையிலதான் இருக்கு."

"நான் எங்கே அசையறேன்? பக்கத்துல இருக்கிறவங்க காத்துக்கு ஆடுறாங்க," என்றது பூ. "நாங்க ஒண்ணா நின்னாத்தான் எங்க ஊதா தூரத்துல போற வண்டுக்குத் தெரியும். ஒத்தைப் பூவுக்காக எந்த வண்டு இறங்கி வரும் சொல்லு?"

லென்ஸுக்கு அதையெல்லாம் கேட்க ஏது நேரம்? பின்னால் ஆடிய பூக்களுக்கும் முன்னாலிருந்த பூவுக்கும் நடுவில் குவியம், அதாவது ஃபோகஸ், பிடிக்கத் தெரியாமல் அது முன்னேயும் பின்னேயும் தடுமாறியது. கிர்ர், கிர்ர் என்று சத்தம் வேறு.

சென்னியப்பனுக்கு எரிச்சல் வந்தது. "என்ன கருமம் இது! சரிப்படாது போல கண்ணு. நாளைக்கே திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்."

லென்ஸ் ஆடிப்போய்விட்டது. "ஏய் கத்தரி! ஏதாவது பண்ணேன்! பின்னாடி சுத்தமா இருந்தாப் போதும், நான் பிடிச்சுக்குவேன்!"

"இதுதானா? இதோ வந்துட்டேன்," என்றது கத்தரி. சென்னியப்பனின் கையும் பைக்குள் போய் அதையே எடுத்தது.

நறுக், நறுக் என்று கேட்டது. லென்ஸின் பார்வையில் மங்கலாக ஆடிய ஊதாத் திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பச்சை மட்டும் மிஞ்சியது. அப்பாடா, காற்று நின்றுவிட்டது என்று லென்ஸ் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டது.

"ஏன், கூட இருந்தவங்க சத்தத்தையே காணோம்?" என்று பூ கேட்டது.

"பின்னாடிதான் இருப்பாங்க. மங்கலா இருக்கறதால எனக்குத் தெரியலை. நீ நேரா என்னைப் பாரு."

க்ளிக்.

"யப்பா! கண்ணு, இங்க ஓடி வா!" என்று கத்தினார் சென்னியப்பன். "இதழ்ல இருக்கிற நரம்பெல்லாம் தெரியுது பாரு! இதைப் போய்த் திருப்பி அனுப்புவாங்களா? அந்தப் பெட்டியை இன்னைக்கே கிழிச்சுப் போடறேன்!"

லென்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. பிழைத்துவிட்டோம், பிழைத்துவிட்டோம் என்று கூத்தாடியது.

ஓடி வந்த திருமூர்த்தி பாதியிலேயே நின்றுவிட்டான். "அங்கேயே நில்லு, உன்னையும் ஒரு படம் எடுக்கறேன்," என்று சென்னியப்பன் கேமராவைத் திருமூர்த்தி பக்கம் தூக்கினார்.

மேக்ரோ லென்ஸுக்குத் தூரமும் தெரியும். அன்றுவரை பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போது பார்த்தது. திருமூர்த்தி சிரிக்கவில்லை. தன் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே பதினொரு ஊதாப் பூக்கள் தண்டோடு நறுக்கப்பட்டுக் குவியலாகக் கிடந்தன. நறுக்கிய இடத்தில் ஈரம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஒரு வண்டு குவியலைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விட்டது.



"அடப்பாவி!" என்று அலறியது லென்ஸ். "பூவையா வெட்டினே? பூவையா?"

கத்தரி திருதிருவென்று விழித்தது. "நீதானே சுத்தமா வேணும்னே? நான் பிறந்ததுல இருந்து பிசிறு வெட்டறவன். எது பூ, எது பிசிறுன்னு பார்க்கிற கண்ணு எனக்கு இல்லையே. உனக்குத்தானே இருக்கு?"

லென்ஸ் குவியலிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாக எண்ணியது.

திருமூர்த்தி மெதுவாகக் கேட்டான்: "ஏனுங்ண்ணா, இத்தனையும் நறுக்கிப் போட்டீங்க?"

"பின்னணி சுத்தமா இருந்தாத்தான் கண்ணு படம் எடுபடும். அதெல்லாம் தானா முளைச்சுக்கும், வா," என்று சென்னியப்பன் மூடியை எடுத்து லென்ஸின் முகத்தில் மாட்டினார்.

மூடிக்கு வெளியே பூவின் குரல் கேட்டது. "இப்போ சொல்லேன். பின்னாடி யார் இருக்காங்க?"

அன்று சாயங்காலம் சென்னியப்பன் அந்தப் படத்தைப் பூப்பிரியர்கள் குழுவில் போட்டார். பாராட்டு கொட்டோ கொட்டென்று கொட்டியது. குழுவில் ஒருவர், அந்த இடத்தில் எத்தனை பூக்கள் இருந்தன என்று கேட்டிருந்தார். சென்னியப்பன் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு, தான் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதில் எழுதினார். நிஜமாகவே அவருக்கு வருத்தம். மேசைமேல் இருந்த லென்ஸ் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுதாங்க இருந்துச்சு. பாவம், அழிஞ்சுக்கிட்டே வருது."