ஐந்து நிமிஷ மௌனம்

கரட்டுச்சாமி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் பேசுவார். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை. மற்ற நேரமெல்லாம் மௌனம். மடத்து வாசலில் இதைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நேரம் தெரியாமல் வந்து யாராவது பேச்சுக் கொடுத்தால், சாமி சிரித்த முகத்தோடு அந்தப் பலகையைக் காட்டுவார்.

மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கரடு என்று ஊரார் சொல்லும் சின்னப் பாறைக்குன்றின் அடியில் இரண்டு ஓட்டு அறைகள், ஓர் அடிகுழாய், நாலு வேப்பமரம். சாமிக்கு ஐம்பது வயது. முன்னே லாரி ஓட்டியவர் என்று ஊரில் சொல்வார்கள். அவர் அதை ஒத்துக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

சீடர்கள் என்று ஐந்தாறு பேர். அதில் முதல் சீடர் சுலோச்சனா டீச்சர், கீழே ஊரில் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை. வயதில் சாமியைவிட இரண்டு வருஷம் மூத்தவர். பதினோரு வருஷமாக வியாழன் தவறாமல் நாலு மணிக்கு வந்து, ஐந்து மணிக்குக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

அந்தப் பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கே வந்து நின்றார். தலை வாரவில்லை. கண் வீங்கியிருந்தது. "சாமி" என்று ஆரம்பித்தார்.

சாமி பலகையைக் காட்டினார்.

டீச்சர் நல்ல சீடர். வாயை மூடிக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். காத்திருக்கச் சொன்னது அவருக்குத் தப்பாகப் படவில்லை. அவரும் அப்படித்தான் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்.

அந்தப் பள்ளியில் மொத்தம் நாற்பத்து மூன்று பிள்ளைகள். மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே கூடத்தில் கால் மடித்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கண்ணை மூட வேண்டும். மடத்தில் கற்றதை டீச்சர் அப்படியே பள்ளிக்குக் கொண்டுபோயிருந்தார். அவரும் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சின்னப் பித்தளை மணி அடிக்கும்வரை ஒருத்தரும் கண் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. அவசரமென்றால் கையைத் தூக்கலாம். தூக்கிவிட்டு, டீச்சர் பார்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதில் இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பிள்ளை மௌனத்தைக் கலைத்தால், எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து ஐந்து நிமிஷம்.

பார்க்க வந்த அதிகாரிகள் சொக்கிப்போனார்கள். குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று பார்வையாளர் குறிப்பேட்டில் ஒருவர் எழுதினார். பக்கத்து ஊர் ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளைகள் குரங்குகள் என்று அலுத்துக்கொண்டு போனார்கள். டீச்சருக்கு அதில் பெருமைதான். பெருமை இல்லாமலிருக்க அவர் என்ன கல்லா?

குண்டூசி விழுந்தால் கேட்கும் அந்தப் பள்ளியில்தான் பதினாறு நாளைக்கு முன் தகரம் சரிந்தது.

முற்றத்தில் தரையோடு தரையாகத் தண்ணீர்த் தொட்டி ஒன்று. அதன் சிமெண்டு மூடி உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டீச்சர் மனு எழுதி அனுப்பினார். மனு போனதோடு மனசும் ஆறிவிட்டது. தொட்டிமேல் ஒரு தகரத்தைப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்தார்கள். அன்றைக்கு அடுப்புக்கு முட்டுக் கொடுக்கச் சமையலக்கா அந்தக் கல்லை எடுத்துப் போயிருந்தார்.

ஒன்றாம் வகுப்பு மாதேஷ் முட்டையைக் கடைசியில் தின்பவன். எல்லாரும் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் அவன் அந்த முட்டையை ரசித்துத் தின்றுகொண்டிருப்பான். அன்றும் மௌனம் தொடங்கிய பிறகுதான் தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனான். தகரத்தின் மேல் கால் வைத்தான்.

கதவோரம் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்பு தர்ஷிகா சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். முற்றத்தில் தட்டு கிடந்தது. தகரம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மாதேஷைக் காணவில்லை. அவள் கையைத் தூக்கினாள்.

டீச்சர் கண்ணை மூடியிருந்தார்.

மணியை அடிப்பதற்காகக் கண் திறந்தபோது தர்ஷிகா கையைத் தூக்கிக் கண்ணையும் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவள் வாயெடுத்தாள். டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். இவளால் எல்லாருக்கும் மறுபடி ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். தர்ஷிகா திரும்பவும் கையைத் தூக்கினாள்.

அதற்கு மேல் நடந்ததைச் சொல்ல வேண்டாம். சொல்லவும் முடியாது.

பள்ளிப் பக்கம் வரக்கூடாது என்று டீச்சருக்குக் கடிதம் வந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் தொட்டியை அளந்தார்கள், மூடியைப் படம் பிடித்தார்கள். ஊரும் மூடியைப் பற்றித்தான் பேசியது. தர்ஷிகா மட்டும் அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. சோறு போட்டால் தின்கிறாள், கூப்பிட்டால் வருகிறாள், பேச்சு மட்டும் இல்லை. சாமியின் அருள் பிள்ளை மேல் இறங்கிவிட்டது என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்னும் இரண்டு மாதம் விட்டால் அவளுக்கும் ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள்.

நாலு மணி ஆனது. சாமி வெளியே வந்து வேப்பமரத்தடியில் டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தார். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை கையைத் தூக்கியபடியே காத்திருந்தாள் என்ற இடத்தில் சாமியின் கண் வாசல் பலகைக்குப் போய்விட்டு வந்தது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை.

"நீங்க கத்துக்குடுத்த மௌனம்தான் சாமி. நான் எங்க தப்பு பண்ணினேன்?"

சாமி கேட்டார்: "தகரம் சரிஞ்ச சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல சாமி."

அது பொய். விசாரணையில் சொன்ன அதே பொய். சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது. யாரோ தட்டைப் போட்டுவிட்டார்கள், மௌனம் கெட்டுவிட்டது என்று எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சலை அடக்கியதில் ஒரு நிறைவும் இருந்தது. பதினாறு நாளாக அந்த நிறைவை நினைத்துத்தான் அவர் தூங்காமல் கிடந்தார்.

டீச்சர் மேலே பேசினார். போன உயிரைத் திருப்ப முடியாது, இருக்கிற பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும், சாமி வந்து அவளைப் பேச வைக்க வேண்டும் என்று மன்றாடினார். சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தர்ஷிகாவின் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். பாதி வழியிலேயே ஐந்து மணி ஆகிவிட்டது. டீச்சரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வீட்டு வாசலில் தாய் கோவிந்தம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். தர்ஷிகா பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் சாமியை மட்டும் வாங்க என்றாள். டீச்சரைப் பார்த்ததும் தர்ஷிகா எழுந்தாள். இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றாள். பதினாறு நாளில் டீச்சருக்கு அதைவிடப் பெரிய அடி விழவில்லை.

சாமி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கால் மடித்தார். பிறகு வலது கையை நேராகத் தூக்கினார்.

ஆசீர்வாதம் என்று நினைத்துக் கோவிந்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். சாமி கையை இறக்கவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்த தலையை மெல்ல நிமிர்த்தினாள்.

நேரம் போனது. சாமியின் கை ஆடத் தொடங்கியது. அவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கை கடுத்தால் பள்ளியில் பிள்ளைகள் அப்படித்தான் பிடிப்பார்கள். டீச்சர் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஐந்து நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டுதானே கழித்திருந்தார்.

சாமிக்குப் பக்கத்தில் புளி ஓட்டின் மேலேயே உட்கார்ந்து, டீச்சரும் கையைத் தூக்கினார்.

தர்ஷிகா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டிய கையைப் பிரித்தாள். பிறகு, வகுப்பில் டீச்சர் பிள்ளைகளைச் சுட்டுவதைப் போலவே, ஆள்காட்டி விரலை நீட்டி டீச்சரைச் சுட்டினாள்.

பிள்ளையைப் பேச வைக்க வந்தவர் டீச்சர். இப்போது அவர் முறை வந்துவிட்டது.

"அன்னிக்குத் தகரம் சத்தம் எனக்கும் கேட்டுச்சு, தர்ஷி. யாரோ தட்டப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். கண்ணத் தொறக்கல."

கோவிந்தம்மாளின் கை புளியின் மேல் நின்றுவிட்டது. தர்ஷிகாவின் உதடு அசைந்தது. குரல் வரச் சற்று நேரம் பிடித்தது.

"கை கடுத்துச்சு டீச்சர். நடுவுல ஒரு தடவ கீழ போட்டுட்டேன். அதனாலதான் நீங்க பாக்கலையா?"

டீச்சர் அழுதுவிட்டார். எட்டு வயதுப் பிள்ளை பதினாறு நாளாக எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஊர் அதற்கு அருள் என்று பேர் வைத்திருந்தது.

"இல்ல கண்ணு. நீ தூக்குனதும் சரி, போட்டதும் சரி. நான்தான் பாக்கல."

தர்ஷிகா அதைக் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. பிறகு சாமி பக்கம் திரும்பினாள். அவர் கை இன்னும் மேலேயே இருந்தது.

"உங்களுக்கும் கடுக்குதா?"

"கடுக்குது, தாயி" என்றார் சாமி.

மணி ஐந்தரை தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவர் குரலைப் பதினோரு வருஷத்தில் டீச்சர் கேட்டதில்லை.

தர்ஷிகா கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். அதன் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. தாயின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோவிந்தம்மாள் அவள் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே டீச்சரைப் பார்க்காமல் சொன்னாள்.

"இத அந்தப் பையனோட அம்மாகிட்டயும் சொல்லிடுங்க டீச்சர். புள்ள அலறாம கொள்ளாமப் போச்சா, ஒரு சத்தம்கூடவா கேக்கலன்னு அவ போறவங்க வர்றவங்களையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கா."

இருவரும் எழுந்து நடந்தார்கள். ஊர் முடியும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கரட்டுக்கு. இன்னொன்று மாதேஷ் வீட்டுக்கு. அங்கே வந்ததும் டீச்சர் நின்றுவிட்டார். வேலை போகும், வழக்கு வரும், அதெல்லாம் இருக்கட்டும். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதுதான் அவரைக் கட்டிப் போட்டது.

"என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல சாமி. நாளைக்கு நாலு மணிக்கு வந்து உங்ககிட்டக் கேட்டுக்கிட்டு, அப்புறம் போறேன்."

சாமி வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையில நீங்க பதினோரு மணிக்கு வந்தீங்க, டீச்சர். நான் நாலு மணிக்குத்தான் கேட்டேன்" என்றார். "அந்தம்மா பதினாறு நாளா உக்காந்திருக்காங்க."