கேப்டனின் பல்செட்

தூத்துக்குடி தஸ்நேவிஸ் ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறை வேலைக்குச் சேர்ந்தார். அவரைத் தவிர எல்லாரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவருக்குக் கிடைத்த படுக்கையில் முன்பு படுத்தவர் பிஸ்வாஸ் என்ற வங்காளி. இன்ஜின் அறையில் நீராவிக் குழாய் வெடித்து அவர் செத்துப்போன கதை, கப்பலேறிய அன்றைக்கே காதுக்கு வந்துவிட்டது. அன்று முதல் தஸ்நேவிஸ் எந்தக் குழாயையும் தள்ளி நின்றே பார்த்தார்.

ஆபத்து வந்தால் இவர்கள் தங்கள் டகாலோக் மொழியில்தான் கத்துவார்கள். புரியாமல் நின்றால் ஆள் காலி.

சமையல்காரன் ரோதெலிடம் போனார். ரோதெலுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதானே, கைகட்டி நின்றார். இருவருக்கும் நடுவே அரைகுறை ஆங்கிலம்.

"தம்பி, ஓடு, குனி, தீ... இந்த வார்த்தையெல்லாம் இந்தத் தாள்ல எழுதித் தாங்க. பையில வச்சுக்கிடுதேன்."

ரோதெல் தாளை வாங்கி அடுப்பில் போட்டான்.

"ஓடுன்னா தக்போ. சொல்லுங்கண்ணே: எனக்குப் பிறந்தநாள்னு கேட்டதும் கோழி தக்போ."

சொன்னார்.

"குனின்னா யூகோ. கேப்டன் யூகோ, பல்செட் சூப்புக்குள்ள."

"நான் உயிர்ப் பயத்துல வந்து கேக்கேன். நீங்க வெளையாடுதீய."

"இன்னும் பத்துத் தடவை சொல்லுங்க."

அன்றிலிருந்து பல்செட்டைச் சொன்னால்தான் தட்டில் சோறு விழும். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தஸ்நேவிஸுக்கு அவமானமாக இருந்தது. பயமும் அப்படியே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை இன்ஜின் அறையில் ஒரு குழாய் சீறியது.

"யூகோ!" என்று எவனோ அலறினான்.

தஸ்நேவிஸுக்கு மனைவி முகம் நினைவுக்கு வரவில்லை. மாதாவின் பெயர்கூட வரவில்லை. சூப்பில் மிதக்கும் பல்செட்தான் வந்தது. உடம்பு தானாகக் குனிந்தது. தலைக்கு மேலே பாய்ந்த நீராவி பின்சுவரின் பெயிண்டை உரித்தது.

நேராகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஏன் தம்பி தாள்ல எழுதித் தரல?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ரோதெலின் கத்தி நின்றது.

"பிஸ்வாஸ் அண்ணனுக்கு எழுதித்தான் கொடுத்தேன். பையிலிருந்து எடுத்து வாசிச்சுக்கிட்டு நின்னாரு."