செட்டிங்ஸ் பொத்தானுக்கு அறுபது கிலோமீட்டர்

வெள்ளப்பாறைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னது சொன்னபடியே நடக்கும். அந்த ஊரைப் பிடித்த கேடே அதுதான்.

மத்தியானம் மூன்று மணி. அந்த ஊர் கம்ப்யூட்டர் மையத்தில் சிந்தாமணி, தன் மகள் இலக்கியாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கேட்டு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணியோடு சரி. விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது. 'அனுப்பு' என்ற பொத்தானைத்தான் காணோம்.

மையத்தைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைவேலு அன்று காலையில்தான் கணினிக்கு மயில்கழுத்து நிறத்தில் புதுத் தீம் போட்டிருந்தான். எழுத்தெல்லாம் பூசணிக்காய் பருமனுக்கு வந்துவிட்டது. அடியில் இருக்க வேண்டியதெல்லாம் திரைக்குக் கீழே போய்விட்டது. எழுத்தைச் சின்னதாக்கலாமென்று செட்டிங்ஸைத் திறந்தால், அதிலிருந்த 'சரி' பொத்தானும் திரைக்குக் கீழே!

"பொத்தான் கீழ போனா திரையைத் தூக்கணும். இதுக்கென்ன யோசனை?" என்றார் வார்டு மெம்பர் ஆறுச்சாமி.

திரைக்கு அடியில் ஒரு செங்கல் வைத்தார்கள். தெரியவில்லை. மூன்று வைத்தார்கள். ஏழாவது கல்லுக்குக் குழந்தைவேலு ஸ்டூல் மேல் ஏறி நின்று பார்த்தான். அப்போதும் தெரியவில்லை.

சிந்தாமணி யாரிடமும் அதிர்ந்து பேசாதவள். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்ணா, கல்லை அடியில வெச்சா அது பொத்தானை மறைக்காதுங்களா?"

எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு கல்லை எடுத்தார்கள். "படிச்சது அஞ்சாப்புன்னாலும் மூளையைப் பாருங்க!" என்றார் ஆறுச்சாமி.

குழந்தைவேலு கைபேசியில் தேடினான். தீம் செய்தவர்களே எழுதியிருந்தார்கள்: 'செட்டிங்ஸில் ஒரு பிழை இருக்கிறது. திருத்திய சோர்ஸ் கோடை எடுத்து உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளவும்.'

"அப்படின்னா?" என்றார் ஆறுச்சாமி.

"மாவா வாங்காம கோதுமையா வாங்கி நாமளே அரைச்சுக்கறதுங்க. கோதுமை வந்துருச்சு. இனி அரைக்கறதுதான் பாக்கி. ஆனா பாருங்க, 'வேகமான கணினியில் சீக்கிரம் முடியும், நடுவில் நிறுத்தக் கூடாது'ன்னு போட்டிருக்குது."

ஆறுச்சாமி கணினியை ஏற இறங்கப் பார்த்தார். "இது வந்த நாள்ல இருந்து இந்த மேசையை விட்டு நகரவே இல்ல. இதுக்கு எங்கிருந்து வேகம் வரும்?"

நியாயமான கேள்வி. உடனே மாரப்பனின் குட்டியானை மினி லாரியைக் கூப்பிட்டார்கள். பின்பக்கம் மையத்து இன்வெர்ட்டர் பேட்டரி, அதன் மேல் கணினி, திரையைக் கட்டிப்பிடித்தபடி ஆறுச்சாமி, பிள்ளையோடு சிந்தாமணி. குழந்தைவேலுவும் ஏறிக்கொண்டு கம்பைலைத் தட்டினான். மாரப்பன் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

திரையில் வரிகள் குடுகுடுவென்று ஓடின. "பாத்தீங்களா வேகத்தை!" என்றான் குழந்தைவேலு. நடுநடுவே 'வார்னிங்' என்று வந்தது. வந்த போதெல்லாம் அவன் "வார்னிங்!" என்று கத்தினான், மாரப்பன் ஹாரன் அடித்தான். நூற்றுப் பன்னிரண்டு வார்னிங். சாலையில் ஒரு கோழிகூட மிச்சமில்லாமல் ஒதுங்கிவிட்டது.

வழியில் ஆறுச்சாமியின் சம்பந்தி கைகாட்டினார். நடுவில் நிறுத்த முடியுமா? "கம்பைல் ஆயிட்டிருக்குதுங்க சம்பந்தி!" என்று கத்தினார் ஆறுச்சாமி. அது என்ன நோயோ என்று பயந்து சம்பந்தி கும்பிட்டார்.

சிந்தாமணி வாய்க்குள்ளேயே மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஐந்து மணி தாண்டினால் பிள்ளைக்கு ஒரு வருசம் வீண்.

நாலே முக்காலுக்குத் திரையில் 'முடிந்தது' என்று வந்தது. மாரப்பன் பிரேக் அடித்தான். அறுபது கிலோமீட்டர் தாண்டி டவுனுக்கே வந்திருந்தார்கள். செட்டிங்ஸைத் திறந்தால் 'சரி' பொத்தான் லட்சணமாக உட்கார்ந்திருந்தது! எழுத்தைச் சின்னதாக்கினார்கள். விண்ணப்பத்தின் 'அனுப்பு' பொத்தானும் வந்துவிட்டது. சிந்தாமணியே அமுக்கினாள்.

போகவில்லை. இணைய இணைப்பு வெள்ளப்பாறையில் இருந்தது.

ஹாரன் சத்தம் கேட்டு எதிர்க் கட்டிடத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். விண்ணப்பங்கள் போய்ச் சேரும் கல்வி அலுவலகமே அதுதான். நடந்ததைக் கேட்டவருக்கு மனசு இளகிவிட்டது.

"அதான் நேர்லயே வந்துட்டீங்களேம்மா. பிள்ளை பேரைச் சொல்லுங்க, நானே பதிஞ்சுக்கறேன்."

மற்ற மூவரும் சிந்தாமணியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் உறுதியாகச் சொன்னாள்: "இல்லீங் சார். 'இணையம் வழியா மட்டும்'னு போட்டிருக்குது. குறுக்கு வழியில போனா நாளைக்குப் பிள்ளைக்கு என்ன புத்தி வரும்?"

"அதுவுமில்லாம, இவ்வளவு பாடுபட்டுச் சரிபண்ணின பொத்தான் எதுக்கு?" என்றான் குழந்தைவேலு.

"மணி அஞ்சாகப் போகுதம்மா! நீங்க திரும்பிப் போக ஒன்றரை மணி நேரம் ஆகுமே!"

சிந்தாமணி ஒரு நிமிடம் யோசித்தாள். "நாங்க போய் அனுப்பற வரைக்கும் அஞ்சு மணி ஆகாம பாத்துக்குவீங்களா சார்?"

குமாஸ்தா தாடையைத் தடவினார். உள்ளே போய் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படிச் செய்யக் கூடாதென்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வண்டி திரும்பி ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியதும், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.