வாயில் விரல்

பிள்ளைகள் நிறைந்திருக்கிற வகுப்பில் பல்லி கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா நீங்கள்?

இக்னேசியா சிஸ்டர் வகுப்பில் கேட்குமாம். அந்தக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். சிஸ்டருக்கு வயதாகிவிட்டது. பாடம் நடத்துவதை விட்டு, மடத்தின் பின்பக்கம் ஒரு ஜன்னலோர அறையில் செபமாலையோடு உட்கார்ந்துவிட்டார். பேர் மட்டும் போகவில்லை.

ஜெனோவா சிஸ்டர் வகுப்பில் பல்லி என்ன, யானை வந்து பிளிறினாலும் கேட்காது. அவர் மடத்துக்கும் புதுசு, நாலாம் வகுப்புக்கும் புதுசு. ஒரு பிள்ளை கேள்வி கேட்கும். இன்னொன்று பதில் சொல்லும். மூன்றாவது ஒன்று, அது பொய் என்று மாதா மேல் சத்தியம் பண்ணும். டெல்பின் என்று ஒருத்தி இருந்தாள். எதைச் சொன்னாலும் எழுந்து நின்று, "ஏன் சிஸ்டர்?" என்பாள்.

பக்கத்து வகுப்பு டீச்சர்கள் சொல்லிச் சொல்லி, ஒருநாள் தலைமையாசிரியை மதர் கூப்பிட்டுவிட்டார்.

"கிறிஸ்மஸ் லீவுக்குள்ள வகுப்பை அடக்குங்க. முடியலைன்னா ஹாஸ்டல் சமையல்கட்டுக்குப் போங்க. அங்க எவ்வளவு சத்தம் போட்டாலும் சாம்பார் கோவிச்சுக்காது."

பாடம் சொல்லிக்கொடுக்கத்தானே ஜெனோவா வீட்டை விட்டு, வந்த வரனை விட்டு, இந்த அங்கியைப் போட்டது? அன்றைக்கே வகுப்புக் கதவைச் சாத்தி, ஜன்னலையும் அடைத்துப் பார்த்தார். உள்ளே எல்லோரும் வெந்ததுதான் மிச்சம்.

சாயந்திரம் இக்னேசியா சிஸ்டரின் அறைக்குப் போய் நின்றார்.

"சிஸ்டர், வகுப்பை எப்படி அமைதியா வைக்கிறது?"

"மதர் திட்டினாங்களா?"

"சமையல்கட்டுக்கு அனுப்பிருவேன்னாங்க."

"உனக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது சிஸ்டர்."

"அப்ப ஹாஸ்டல் பிள்ளைங்க பாவம்."

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கம்பு வச்சிருந்தீங்களா சிஸ்டர்?"

"ஒரு நாளும் தொட்டதில்ல."

"பின்னே?"

இக்னேசியா சிஸ்டர் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். மெதுவாகத் தன் உதட்டின் மேல் வைத்தார். அந்த அறையே அடங்கியது மாதிரி இருந்தது. ஜெனோவாவுக்கே மூச்சு நின்று வந்தது.

"இவ்வளவுதான்," என்றார்.

மறுநாள் ஜெனோவா வகுப்பில் விரலை வைத்தார். ஒருத்தன் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தான். டெல்பின் எழுந்தாள்.

"ஏன் சிஸ்டர், பல்லு வலிக்குதா?"

திரும்பவும் பின்பக்க அறைக்கு வந்தபோது ஜெனோவாவுக்கு அழுகை முட்டியது.

"எனக்கு அந்த விரல் வேலை செய்யல சிஸ்டர். முழுசாச் சொல்லிக் குடுங்க."

இக்னேசியா சிஸ்டர் செபமாலையை மடியில் வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வா. வந்து சும்மா உக்காந்து பாரு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் அறைக்கு கித்தேரி வந்தாள். இக்னேசியா சிஸ்டரிடம் நாலாம் வகுப்புப் படித்தவள். இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். ஆனாலும் மாதம் தவறாமல் சிஸ்டருக்குக் கருப்பட்டி கொண்டுவருவாள்.

"தோத்திரம் சிஸ்டர்."

"தோத்திரம்."

நாற்காலி இருந்தது. கித்தேரி நின்றாள். சிஸ்டர் "உக்காரு" என்ற பிறகுதான் நுனியில் உட்கார்ந்தாள்.

"கை ஏன் வீங்கியிருக்கு?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிட்டு சிஸ்டர்."

"போன தடவை நெத்தியில காயம்?"

"அது மாடிப்படியில விழுந்தது."

"உன் வீடு ஓட்டு வீடு. அதுக்கு ஏது மாடிப்படி, கித்தேரி?"

கித்தேரி தலைகுனிந்தாள்.

"உன் வீட்டுக்காரர் அடிச்சாரா? என்கிட்டயாவது சொல்லேன்."

கித்தேரி வீங்கிய கையைத் தூக்கினாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று ஜெனோவா முன்னால் சாய்ந்தார். அவளுடைய ஆள்காட்டி விரல் போய் உதட்டின் மேல் உட்கார்ந்தது.

சுவரில் பல்லி கத்தியது.

போகும்போது வாசலில் நின்று கித்தேரி சிரித்தாள். "நான் ஒரு நாளும் அவரை எதிர்த்துப் பேசினதில்ல சிஸ்டர். உங்க வகுப்புப் பிள்ளைல்லா நான்!"

அவள் தெரு திரும்பும் வரை இக்னேசியா சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனோவாவுக்கு ஆறவில்லை. "பங்குச் சாமியாரை அவ வீட்டுக்குப் போய்க் கேக்கச் சொல்லலாமே சிஸ்டர்?"

"போனாரே. இவளே வாசல்ல நின்னு, ஒண்ணும் இல்ல சாமின்னு அனுப்பி வச்சுட்டா."

"நீங்க போய்க் கேக்கலையா?"

பெரியவர் கருப்பட்டிப் பொட்டலத்தை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார்.

"என் வகுப்புலயே வாயாடி இவதான். எதுக்கெடுத்தாலும் ஒரு 'ஏன்'. அந்த விரலை வைக்கப் பழக்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு. அந்த வருசம் நன்னடத்தைப் பரிசு இவளுக்குத்தான் குடுத்தேன். மாதா படம் ஒண்ணு. இன்னும் வீட்டுல மாட்டி வச்சிருக்கா."

ஜெனோவா பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் வகுப்புச் சத்தம் என் ஜன்னலுக்கு வருது," என்றார் பெரியவர்.

"மன்னிச்சுக்கிடுங்க சிஸ்டர். கதவைச் சாத்தித்தான் பாத்தேன்."

"அன்னைக்கு மட்டும் வரல. என்னமோன்னு பயந்துட்டேன்."

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தார். பெரியவரின் விரல்கள் செபமாலையில் ஒரே மணியிலேயே நின்றுகொண்டிருந்தன.

"உன்னை வகுப்பை விட்டு எடுக்கக் கூடாதுன்னு மதர்கிட்ட போய்ச் சொல்லணும். அப்புறம் கித்தேரி வீட்டுக்காரர் முன்னாலயும் போய் நிக்கணும். பதினேழு வயசுல மடத்துக்கு வந்தவ நான். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டுப் பழக்கமில்ல. இப்ப கேக்கணும்னா நாக்கு எழும்ப மாட்டேங்குது."

ஜெனோவா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உன் வகுப்புல 'ஏன் சிஸ்டர்'னு ஒருத்தி கேப்பாளே, என்ன பேரு அவளுக்கு?"

"டெல்பின்."

"நாளைக்கு மணி அடிச்சதும் அவளை இங்க கொஞ்சம் அனுப்பி வைம்மா. எனக்குச் சொல்லித் தரட்டும்."