ஊசித் துளை சொன்ன சாட்சி

சீன தேசத்தில் பேரரசர் ஒருத்தர் இருந்தார். ரொம்ப நல்லவர். ஒரே ஒரு குறை. கடைசியாகப் பேசினவர் சொல்வதுதான் சரி என்று அவருக்குத் தோன்றிவிடும்.

அன்றைக்குக் கடைசியாகப் பேசினவர் அமைச்சர் தூ ஷெங்.

"பிரபு, பெண்கள் கவிதை எழுதுகிறார்கள். எழுதித் தொலைக்கட்டும். அச்சடித்துக் கடைத்தெருவில் விற்கிறார்களே! பெண் கையால் எழுதிய எதுவும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொளுத்த வேண்டும். எல்லாம் இந்த விண்ணப்பத்தில் இருக்கிறது."

"சரிதானே!" என்றார் அரசர்.

முற்றத்தில் நெருப்பு மூட்டியாயிற்று. பக்கத்தில் மெய் ஷு என்கிற கைம்பெண்ணின் அச்சுப் பலகைகள். இருபது வருஷக் கவிதையும் அதில்தான் செதுக்கியிருந்தது. அவள் அழவில்லை. பலகைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சபையில் ஹே லின் என்றொரு குறும்புக்காரப் புலவர். விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினார். படிக்கவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அடடா, முத்துக் கோத்த மாதிரி எழுத்து! தாங்களே எழுதியதா, அமைச்சரே?"

"பின்னே?" தூ ஷெங் மீசையை நீவிக்கொண்டார்.

"ஓரமெல்லாம் பொடிப்பொடியாக ஊசித் துளை இருக்கிறதே? துணியில் பூவேலை செய்கிற பெண்கள்தான் வரி கோணாமலிருக்க இப்படிக் குத்திக்கொள்வார்கள். தாங்கள் பூவேலையும் செய்வதுண்டோ?"

யாரோ இருமினார்கள்.

"இதோ தூரிகை. ஒரே ஒரு வரி எழுதுங்கள்."

தூ ஷெங் எழுதினார். கோழி குப்பையைக் கிளறின மாதிரி இருந்தது.

"உண்மையைச் சொல்லும். யாரய்யா எழுதினது?" என்றார் அரசர்.

"நான் சொல்லச் சொல்ல... வீட்டில் அவள்தான்..."

ஹே லின் நெருப்பருகே போனார். "பிரபு, பெண் எழுதியது இது. வாசலையும் தாண்டிவிட்டது. முதலில் இதைக் கொளுத்தட்டுமா?"

"கொளுத்து!"

விண்ணப்பம் சாம்பலாயிற்று.

"அடுத்தது பலகைகள்" என்றார் ஹே லின். "எந்த ஆதாரத்தில் கொளுத்துகிறாய் என்று நாளைக்கு யாராவது கேட்டால், எந்த விண்ணப்பத்தைக் காட்டட்டும், பிரபு?"

அரசர் சாம்பலைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, உன் பலகைகளை எடுத்துப் போ. தூ ஷெங், உம் மனைவிக்கு நல்ல காகிதம் பத்துக் கட்டு அனுப்புகிறேன். இனிமேல் அவள் சொல்லட்டும், நீர் எழுதிக் கொண்டுவாரும்."

ஹே லின் பதறிக் கும்பிட்டார். "ஐயோ பிரபு, அதை யார் படிப்பது?"