தளவாய் மகனும் இளவட்டக்கல்லும்

திருவடிக்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்ததாம். ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் குதிரை ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்து ராஜ்ஜியம் வந்துவிடும். ராஜா பெயர் முத்துவிசயன். அவர் போடும் உத்தரவுகளை ஓலையில் எழுதுகிற வேலை உலகுடையாள் என்கிற பெண்ணுக்கு. முப்பது வயது இருக்கும். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவள் பேசிவிட்டுப் போன பிறகு மற்றவர்கள்தான் சிரிப்பார்கள்.

ஒரு நாள் படைத்தலைவர் தளவாய் மார்த்தாண்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சபைக்கு வந்தார்.

“என்ன தளவாய், யாராவது படையெடுத்து வருகிறானா?” என்றார் ராஜா.

“அதுவாக இருந்தால் பரவாயில்லையே மகாராஜா. என் மகன் செண்பகராமனுக்குப் பெண் கேட்டுத் தட்டு அனுப்பினேன். கண் வைத்தியரிடம் படிக்கிறாளே சங்கரவடிவு, அவளைத்தான். படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதாம். அவளே வாசலுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். தட்டு திரும்பி வந்துவிட்டது.”

“வெற்றிலை பாக்கோடா?”

“வாடின வெற்றிலையோடு.”

ராஜா உச்சுக் கொட்டினார். தளவாய் தொடர்ந்தார்.

“இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் நீண்டுவிட்டது. கொள்ளுத்தாத்தா காலத்தில் பெண்ணை யார் கேட்டார்கள்? அந்தக் காலத்து முறைப்படிதான் இனிக் கல்யாணம் என்று ஓர் உத்தரவு போடுங்கள் மகாராஜா. நாளன்றைக்கே நிச்சயம் செய்துவிடலாம். படிப்பும் கிடிப்பும் அதோடு சரி.”

ராஜாவுக்குப் பசி நேரம். “எழுது, உலகுடையாள்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

சாயங்காலம் சங்கரவடிவு உலகுடையாள் வீட்டுக்கு வந்தாள்.

“அந்த உத்தரவை நீங்கதான் எழுதினீங்களாமே அக்கா?”

“ஆமாம். எழுத்து ரொம்ப அழகா வந்திருக்கு.”

“கண்ணுல புரை எடுக்க இப்பத்தான் ஆசான் சொல்லித் தரப்போறார். கல்யாணம் ஆனா அந்த வீட்டுல என்னை வாசல்படி தாண்ட விடமாட்டாங்க. எதாவது செஞ்சு உத்தரவை நிறுத்துங்கக்கா.”

“நிறுத்த முடியாது. ஆனா ஒரு எழுத்து விடாம நிறைவேற்றலாம். நாளன்னைக்குச் சபைக்கு வந்துடு.”

மறுநாள் உலகுடையாள் ஊரில் எண்பது வயது தாண்டிய கிழவிகள் ஆறு பேரைப் போய்ப் பார்த்தாள். ஆறு பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள். பிறகு ஒரு மாட்டுவண்டிக்குச் சொல்லி அனுப்பினாள். ஆள் எட்டுப் பேர் வேண்டும் என்றாள்.

நிச்சயத்தன்று தளவாய் மகனோடு வந்தார். செண்பகராமனுக்குப் பட்டு வேட்டி, ஜரிகைத் தலைப்பாகை. சங்கரவடிவு தூணோரம் நின்றாள். சபை முற்றத்தின் நடுவில், எண்ணெய் தடவினாற்போல வழவழவென்று, ஒரு பெரிய உருண்டைக் கல் உட்கார்ந்திருந்தது.

“இது என்ன?” என்றார் தளவாய்.

“இளவட்டக்கல். அம்மன் கோயில் வாசலில் கிடந்தது” என்றாள் உலகுடையாள். “கொள்ளுத்தாத்தா காலத்தில் மாப்பிள்ளை இதை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்கு ஏற்றி, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முதுகுப்பக்கம் போடுவாராம். போட்டால்தான் பெண். கிழவிகள் ஆறு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். போட முடியாமல் திரும்பிப் போனவர்கள் யார் யார் என்றும் சொன்னார்கள்.”

“யார்?”

“உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பெயரும் வந்தது. அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.”

சபையில் யாரோ இருமினார்கள். ராஜா மீசையைத் தடவினார். “உத்தரவு உத்தரவுதான். தூக்கப்பா.”

செண்பகராமன் குனிந்தான். கல்லைக் கட்டிக்கொண்டான். தலைப்பாகை மட்டும் உருண்டு போனது.

“பிடியே இல்லையே அப்பா.”

“பிடி இருந்தால் எல்லோருக்கும் கல்யாணம் ஆகிவிடுமே தம்பி” என்றாள் உலகுடையாள்.

“ஒத்தாசைக்கு என் வீரர்கள் இரண்டு பேர்...” என்று இழுத்தார் தளவாய்.

“தாராளமாக. ஆனால் மூன்று பேர் தூக்கினால் மூன்று மாப்பிள்ளை ஆகிவிடும்.”

செண்பகராமன் மறுபடி குனிந்தான். முதுகில் ‘மளுக்’கென்று ஒரு சத்தம். அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டான். தளவாய்க்குப் பொறுக்கவில்லை.

“என்ன அநியாயம் இது. கல்லைக் கேட்டா கல்யாணம் பண்ணுவார்கள்? பெண்ணைக் கேட்டால் போதாதா?”

உலகுடையாள் எழுத்தாணியை எடுத்து ஓலையில் ஒரு வரி எழுதினாள்.

“பெண்ணைக் கேட்டால் போதும். மனுக் கொடுத்தவரே சொல்லிவிட்டார். இதைப் புது உத்தரவாக எழுதிவிட்டேன். முத்திரை வையுங்கள், மகாராஜா.”

ராஜா வைத்தார். உலகுடையாள் தூண்பக்கம் திரும்பினாள்.

“அம்மா சங்கரவடிவு, தளவாய் உன்னைக் கேட்கச் சொல்கிறார்.”

“ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்கச் சொல்லுங்க அக்கா. அதுவும் அவர் மகனே வந்து கேட்கட்டும். அப்பாவை அனுப்ப வேண்டாம்.”

“சரி” என்றான் செண்பகராமன், கல்லில் உட்கார்ந்தபடியே. அந்தச் சபையில் அப்பாவைப் பார்க்காமல் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகுடையாளிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே குரலைத் தாழ்த்தினார்.

“ராணி இந்தப் பக்கம் வருவதற்குள் இந்தக் கல்லை அப்புறப்படுத்திவிடு.”

“ராணியம்மா அரை நாழிகையாக மேல்மாடத்தில் நிற்கிறார்கள், மகாராஜா” என்றாள் உலகுடையாள். “கல்லையும் உங்கள் தோளையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.”