விரல் வைத்துப் படித்த அம்மையார்

"அம்மா, உங்களுக்கு எழுத்துத் தெரியுமா?"

நெடுங்கரைச் சிவன் கோயில் ஓதுவார் சட்டநாதர் ஒருநாள் இப்படிக் கேட்டார். கேட்கப்பட்டவர் தையல்நாயகி அம்மையார், மடைப்பள்ளியில் பாத்திரம் தேய்ப்பவர். புளியும் சாம்பலும் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தெரியும் ஐயா" என்றார்.

அது பொய். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லை என்று இரண்டாம் வகுப்போடு அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதன்பின் எழுத்துகள் எங்கோ பார்த்த முகங்களாகிப் போயின. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நாக்குக் கூசியது.

ஓதுவார் மகிழ்ந்து ஒரு பதிகப் புத்தகத்தைக் கொடுத்தார். மாசி மாதத்தில் அங்கே முற்றோதல் நடக்கும். அடியார்கள் வரிசையாக அமர்ந்து, ஆளுக்கொரு பதிகமாகப் புத்தகம் முழுவதையும் ஓதி முடிப்பார்கள். அம்மையாரையும் அந்த வரிசையில் உட்காரச் சொன்னார்.

பாத்திரம் தேய்த்தபடியே காதால் கேட்டு, நாற்பது பதிகங்களை அம்மையார் மனப்பாடமாக வைத்திருந்தார். முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, தெரிந்த பதிகம் தம் முறைக்கு வரும்படி இடம் பிடிப்பார். விரல் பக்கத்தின் மேல் நகரும். வாய் நினைவிலிருந்து பாடும். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. பாட்டு மெய்தானே என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் திருநீறு வாங்கும்போது சன்னிதியை நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

பதினோராம் ஆண்டு, வரிசையில் ஒருவர் இருமல் தாளாமல் எழுந்து போனார். முறை ஒன்று முன்னால் நகர்ந்துவிட்டது. அம்மையார் அதைக் கவனிக்கவில்லை. ஒரு பதிகத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுத்த பதிகத்தைப் பாடத் தொடங்கினார்.

பக்கத்தில் இருந்த பூக்கடைக் கோமளம் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, விரல் ஒரு ஊருக்குப் போவுது, வாய் வேற ஊருக்குப் போவுது?"

மண்டபம் சிரித்தது. ஓதுவார் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு அருகில் வந்து மெல்லச் சொன்னார். "அன்னிக்கே இல்லைன்னு சொல்லியிருந்தா நானே உக்கார வச்சு சொல்லிக் குடுத்திருப்பேனே தாயி. பத்து வருஷம் வீணாப் போச்சே."

அந்த மாதமே அவர் உடல் தளர்ந்து, கும்பகோணத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது அம்மையாரின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கியது.

அம்மையார் அந்தப் புத்தகத்தையே எடுத்துப் படிக்க உட்கார்ந்தார். பழகிய பதிகங்களைத் திறந்தால் கண் ஒரு சொல்லைத் தொடுமுன் நினைவு ஒரு வரியை முடித்துவிடும். ஒரு மாதம் படித்தும் ஓர் எழுத்துகூட நிலைக்கவில்லை. தெரிந்ததே தம்மை ஏமாற்றுகிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நாற்பது பதிகங்களின் பக்கங்களையும் நூலால் கட்டிவிட்டு, காதில் விழுந்தும் மனத்தில் பதியாத ஒரு பதிகத்தை எடுத்துக்கொண்டார்.

உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்திய பின் கிணற்றடியில், சிறு வயதில் பழகிய எழுத்துகளை நினைவுபடுத்திக் கூட்டி, நாளுக்கு மூன்று சொற்கள் படிப்பார். தவலையின் அடியில் சாம்பலைப் பூசி, பார்த்து ஒருமுறை எழுதுவார். அதை அழித்துவிட்டுப் பாராமல் ஒருமுறை எழுதுவார். மறுநாள் புத்தகத்தைத் திறக்குமுன் முதல்நாள் சொற்களை எழுதிப் பார்ப்பார். காய்ச்சலில் இருபது நாள் விட்டுப்போனபோது, நமக்கு இவ்வளவுதான் விதித்தது என்று அழுதார். இருபத்தோராம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட சொல்லிலிருந்து தொடங்கினார்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது கோமளத்தின் கடைக்குப் போனதுதான். "இந்த வயசுல கலெக்டராவப் போறியாக்கா?" என்றாள் அவள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது கோமளம். படிக்கிறேன், எங்க தப்புன்னு மட்டும் சொல்லு."

பொய் சொன்ன நாவால் அந்த உண்மையைச் சொல்ல அம்மையாருக்குப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. கோமளம் பூத் தொடுப்பதை நிறுத்திவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

படிக்கத் தொடங்கியபின் இரண்டாம் மாசி நெருங்கியபோது, கோமளத்தின் போனில் ஓதுவாரை அழைத்து, தாம் படிப்பதைக் கேட்க வரவேண்டும் என்று வேண்டினார். வருகிறேன் என்றார் அவர். முற்றோதலுக்கு நான்கு நாள் முன்பு அவர் இறந்த செய்தி வந்தது. அம்மையார் அன்று முழுவதும் ஒரே தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு அவர் இடம் பார்த்து உட்காரவில்லை. கிணற்றடியில் படித்த அந்தப் பதிகத்தைத் தமக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, வரிசையின் கடைசியில் அமர்ந்தார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மூன்றாம் பாட்டில் மணி அடித்தது; கூட்டம் அன்னதானத்துக்கு எழுந்தது. கோமளமும் பந்தி பரிமாறப் போனாள். கேட்டிருக்க வேண்டிய ஓதுவார் இல்லையே என்ற நினைவு வந்தது. ஆனால் விரல் வரியை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் தூணோரத்தில் ஒரு முதியவர் இருப்பதைக் கண்டார். திருநீறு துலங்கும் நெற்றி, ஊரில் காணாத முகம். அம்மையார் தடுமாறும்போதெல்லாம் அவர் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை, பொறுத்திருந்தார். "மெதுவாத்தான் வருது, மன்னிக்கணும் ஐயா" என்றபோது, மேலே படி என்பதுபோல் கையசைத்தார்.

கடைசியான பதினோராம் பாட்டும் முடிந்தது. பிழை ஏழெட்டு இருந்திருக்கும், பொய் ஒன்றுமில்லை. தாமதமாக வந்தாலும் மெய்யோடு வந்த அந்த எளிய அன்பை இறைவன் இருந்து கேட்டான் என்போம்.

முதியவர் எழுந்தார். அம்மையாரைக் கனிவாக ஒருமுறை பார்த்தார். பிறகு படியேறி, கருவறைக்குள் நடந்து போனார்.